328 கிலோவுக்குத் தெருவெல்லாம் பேனர், 329 கிலோவுக்கு ஒன்றுமில்லை

நாட்டுப்பற்று எங்கள் கடைக்குச் சதுர அடிக் கணக்கில்தான் வரும். வேலூர் சத்துவாச்சாரியில் ஃபிளக்ஸ் அடிக்கும் கடை வைத்திருக்கிறேன். காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, கண்ணீர் அஞ்சலி, கட்சிக்காரர் பிறந்தநாள், இவைதான் அன்றாடப் பிழைப்பு. நடுவில் எப்போதாவது வெளிநாட்டில் நம் பிள்ளைகள் யாராவது மெடல் வாங்கிவிட்டால் போன் ஓயாது. அப்படிப்பட்ட நாட்களில் கற்றுக்கொண்டதை எழுதிவைக்கலாம் என்று தோன்றியது. ஊரில் வரவேற்பு கொடுக்க நினைப்பவர்களுக்கு உபயோகமாக இருக்கும். டி.வி. முன்னால் உட்கார்ந்து கைதட்டுபவர்களுக்கும் கொஞ்சம் இருக்கிறது.

வெளியூர்க்காரர்களுக்கு வேலூர் என்றால் கோட்டை, சி.எம்.சி. ஆஸ்பத்திரி, வெயில். எங்களுக்குப் பளுவும் உண்டு. சத்துவாச்சாரியில் பளு தூக்கும் கூடங்கள் பல காலமாக இருக்கின்றன. வடார்க்காட்டில் பட்டாளத்துக்கு ஆள் அனுப்பாத ஊரைத் தேடித்தான் பிடிக்கவேண்டும். கம்மவான்பேட்டையை மிலிட்டரி கிராமம் என்றே சொல்வார்கள். எங்கள் ஊர்ப் பளு தூக்கும் வீரர் சதீஷ் சிவலிங்கத்தின் அப்பாவும் முன்னாள் ராணுவத்தினர்தான். அவரும் தேசிய அளவில் பளு தூக்கியவர். மகன் தென்னக ரயில்வேயில் வேலை பார்த்துக்கொண்டே உலகப் போட்டிகளுக்குப் போய்வந்தார்.

2014 ஜூலை 27, ஞாயிற்றுக்கிழமை. ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் காமன்வெல்த் விளையாட்டுப் போட்டி. ஆண்கள் 77 கிலோ எடைப்பிரிவில் சதீஷ் ஸ்நாட்ச் என்ற முதல் வகைத் தூக்கலில் 149, கிளீன் அண்ட் ஜெர்க் என்ற இரண்டாம் வகையில் 179, ஆக மொத்தம் 328 கிலோ தூக்கித் தங்கம் வாங்கினார். வெள்ளியும் நமக்குத்தான். ஒடிசாவைச் சேர்ந்த ரவிக்குமார் கட்டுலு 317 கிலோ தூக்கியிருந்தார். மறுநாள் காலையில் கடை ஷட்டர் பாதி ஏறுவதற்குள் வாசலில் ஆள் நிற்கிறது.

எல்லோருக்கும் அவசரம், யாரிடமும் படம் இல்லை. செய்தித் தளத்தில் இருந்து எடுத்த பொடிப்படத்தைக் கொண்டுவந்து பத்துக்கு எட்டு அடி கேட்பார்கள். பெரிதாக்கினால் முகம் கட்டம் கட்டமாக உடையும். ஒரு தம்பி யாரோ வெளிநாட்டு ஆணழகன் போட்டியாளரின் படத்தை போனில் காட்டினான். உடம்பெல்லாம் எண்ணெய், நரம்பு நரம்பாக. “இன்னாண்ணே யோசிக்கிற, பாடி சூப்பரா கீது, தலைய மட்டும் மாத்திடு” என்றான். பளு தூக்குபவர் உடம்பு அப்படி இருக்காது என்று அவனுக்கு விளக்குவதற்குள் டீ ஆறிவிட்டது. பளு தூக்குதல் வேறு, வலு தூக்குதல் (பவர்லிஃப்டிங்) வேறு, ஆணழகன் போட்டி வேறு. பளு தூக்குதலில் பாரை, அதாவது எடைத்தட்டு மாட்டிய இரும்புத் தண்டை, தரையில் இருந்து தலைக்கு மேல் கொண்டுபோக வேண்டும். வலு தூக்குதலில் தலைக்கு மேல் போகும் வேலையே கிடையாது. மூன்றாவதில் பார் இருப்பதே இல்லை. கடைக்கு வரும் பத்துப் பேரில் எட்டுப் பேருக்கு இந்த வித்தியாசம் தெரியாது, ஆனால் மூன்றுக்கும் ஒரே அளவு உணர்ச்சிவசப்படுவார்கள்.

அப்புறம் தலைவர்கள் படம். மேலே வட்டமாக மாநிலத் தலைவர்கள், இடப்பக்கம் மாவட்டம், வலப்பக்கம் வட்டம், கீழே ஸ்டாம்பு சைசில் வாழ்த்துபவர்கள் வரிசை. மிச்சம் இருக்கும் இடத்தில் தங்கம் வாங்கியவர். பணம் கொடுத்தவர் செல்போன் பேசிக்கொண்டே நடந்து வருகிற மாதிரி ஆளுயரத்தில் நிற்க, சாம்பியன் அவர் முழங்கைக்குக் கீழே நின்ற டிசைனும் எங்கள் மெஷினில் ஓடியிருக்கிறது. சொல்லிப் பார்த்தேன். “காசு குடுக்கறது யாரு?” என்று கேட்டுவிட்டார்கள். நியாயமான கேள்விதான், என்ன சொல்வது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இரண்டு வருஷம் கழித்து, 2016 ஆகஸ்டில், சதீஷ் ரியோ ஒலிம்பிக்கில் அதே 77 கிலோ பிரிவில் கலந்துகொண்டார். ஸ்நாட்ச் 148, கிளீன் அண்ட் ஜெர்க் 181, மொத்தம் 329 கிலோ. கிளாஸ்கோவில் தங்கம் வாங்கியதைவிட ஒரு கிலோ அதிகம்! அன்றைக்குக் கிடைத்தது பதினோராவது இடம். ஒரு ஆர்டர்கூட வரவில்லை. தெருவில் பேசிக்கொண்டது என்னவென்றால், “இந்தத் தடவ சரியா தூக்கலப்பா.”

எனக்கு அது மண்டையைக் குடைந்தது. பழைய டிசைன் ஃபைலைத் திறந்து எண்ணைச் சரிபார்த்தேன். 328. பேப்பரில் இருக்கிற எண் 329. அதிகம் தூக்கியவரைக் குறைவாகத் தூக்கியவர் என்று ஊரே பேசுகிறது. காரணம் ஒன்றும் ரகசியமில்லை. காமன்வெல்த்தில் சீனா கிடையாது, கஜகஸ்தான் கிடையாது, ஈரான் கிடையாது, எகிப்து கிடையாது. பளு தூக்குதலில் பெரிய கைகள் பாதி அந்தப் பக்கம்தான். ரியோவில் அந்தப் பிரிவில் முதலில் வந்த கஜகஸ்தான் வீரர் தூக்கியது 379. அவர் பிறகு ஊக்கமருந்துச் சோதனைக்குக் கொடுத்த மாதிரியை மாற்றிய விவகாரத்தில் சிக்கித் தகுதி இழந்தார் என்பது தனிக்கதை.

அதிலிருந்து நான் மெடலை விட்டுவிட்டு எண்ணைப் பார்க்க ஆரம்பித்தேன். நீங்களும் பார்த்தால் நல்லது. மெடலின் நிறம், அன்றைக்கு எதிரில் யார் நின்றார்கள் என்பதையும் பொறுத்தது. எண் அந்த ஆள் என்ன செய்தார் என்பதை மட்டும் சொல்லும். 2018 ஏப்ரல் 7 அன்று ஆஸ்திரேலியாவின் கோல்ட் கோஸ்டில் சதீஷ் மறுபடி காமன்வெல்த் தங்கம் வாங்கினார். 144, 173, மொத்தம் 317. ரவிக்குமார் கிளாஸ்கோவில் வெள்ளி வாங்கிய அதே 317! தேசியப் போட்டியில் தொடையில் அடிபட்டு, அது முழுதாகச் சரியாகாமலேதான் சதீஷ் ஆஸ்திரேலியா போயிருந்தார். உடம்பு ஒத்துழைக்காதபோது எடுத்த 317, நன்றாக இருந்தபோது எடுத்த 328, உலகத்தின் பெரிய மேடையில் எடுத்த 329. மூன்றில் எதற்குப் பெருமைப்படுவது என்று என்னைக் கேட்டால் 329 என்பேன். ஆனால் கடையில் ஓடியது மற்ற இரண்டும்.

கோல்ட் கோஸ்ட் அன்று கடையில் ஒருவர், “கடைசி தடவ தூக்காமலே போயிட்டாரே, பயந்துட்டாரா?” என்று கேட்டார். இங்கிலாந்தின் ஜாக் ஆலிவர் தன் கடைசி இரண்டு முயற்சியையும் தவறவிட்டதால் சதீஷுக்குத் தங்கம் அப்போதே உறுதியாகிவிட்டது. அடிபட்ட தொடையோடு மறுபடி பாரைத் தொடவேண்டிய அவசியமே இல்லை. விளையாட்டு தெரிந்தால் அது புத்திசாலித்தனம், தெரியாவிட்டால் பயம்.

அதனால் பார்க்கும் விதத்தைக் கொஞ்சம் சொல்கிறேன். கடினம் ஒன்றுமில்லை. ஆளுக்கு ஆறு முயற்சி. முதல் மூன்று ஸ்நாட்ச், அதாவது தரையில் இருந்து ஒரே இழுப்பில் தலைக்கு மேல். அடுத்த மூன்று கிளீன் அண்ட் ஜெர்க், முதலில் தோள்வரை, அங்கிருந்து தலைக்கு மேல். இரண்டு வகையிலும் சரியாகத் தூக்கியதில் எது அதிகமோ அதை எடுத்துக் கூட்டினால் மொத்தம். ஏதாவது ஒன்றில் மூன்று முயற்சியும் போய்விட்டால் மொத்தமே கிடையாது, வெறுங்கையோடு வீட்டுக்கு வரவேண்டியதுதான். ரியோவில் நம் நாட்டு வீராங்கனை மீராபாய் சானுவுக்கு அதுதான் நடந்தது. கிளீன் அண்ட் ஜெர்க் மூன்றும் தவறின. அதே மீராபாய் டோக்கியோ ஒலிம்பிக்கில் 87, 115, மொத்தம் 202 கிலோ தூக்கி வெள்ளி வாங்கினார்.

நடுவர் மூவர். இரண்டு வெள்ளை விளக்கு எரிந்தால் செல்லும். முழங்கை மேலே போய் மடங்கி மறுபடி நிமிர்ந்தால் சிவப்பு. மேலே பிடித்துவிட்டாரே, ஏன் சிவப்பு என்று டி.வி.யைத் திட்டாதீர்கள், முழங்கையைப் பாருங்கள். வீரர் பெயரைக் கூப்பிட்டால் ஒரு நிமிஷம், அடுத்தடுத்து அவரே தூக்குவதாக இருந்தால் இரண்டு நிமிஷம். பாரின் எடை ஏறுமே தவிர இறங்காது. அதனால் யார் எந்த எடையில் நுழைவது என்று பயிற்சியாளர்கள் எடையை மாற்றி மாற்றி எழுதிக்கொடுப்பார்கள், திரைக்குப் பின்னால் அது தனி ஆட்டம். தட்டுகளின் நிறமும் தெரிந்தால் சுவாரசியம் கூடும்: சிவப்பு 25 கிலோ, நீலம் 20, மஞ்சள் 15, பச்சை 10. ஆண்களுக்கான பார் மட்டும் 20 கிலோ, பெண்களுக்கு 15. தெருவில் பிள்ளைகளைக் கூட்டி வைத்துப் போட்டி பார்க்கும்போது தட்டைப் பார்த்து எடையைக் கூட்டிச் சொல்லச் சொன்னால் அமைதியாக உட்காருவார்கள். அனுபவத்தில் சொல்கிறேன்.

இனி வரவேற்பு பேனர் அடிப்பவர்களுக்கு. முதலில் போட்டியின் பெயர். காமன்வெல்த் விளையாட்டுப் போட்டி நான்கு ஆண்டுக்கு ஒருமுறை நடப்பது. காமன்வெல்த் பளு தூக்கும் சாம்பியன்ஷிப் வேறு. இரண்டையும் குழப்பி, போதாதற்கு மேலே “ஒலிம்பிக் நாயகனே” என்று போடச்சொல்வார்கள். வீரரின் வீட்டாருக்குத்தான் அதைப் படித்ததும் சங்கடம். எந்தப் போட்டி, எந்த ஊர், எந்த ஆண்டு, எந்த எடைப்பிரிவு, எத்தனை கிலோ என்ற ஐந்தும் எழுதிக் கொண்டுவந்தால்தான் மேட்டர் டைப் பண்ணச் சொல்கிறேன். எடைப்பிரிவுகளும் மாறிக்கொண்டே இருப்பவை. சதீஷ் சாதித்த 77 கிலோ பிரிவே 2018 நவம்பரோடு போய்விட்டது, 73 என்றும் 81 என்றும் வந்தது. பழைய பேனரைப் பார்த்து அப்படியே அடிக்கச் சொல்லாதீர்கள்.

அடுத்தது கொடி. மூவர்ணத்தைப் பின்னணியாக விரித்து அதன்மேல் பெயரை எழுது, தலைவர் படத்தை வை என்பார்கள். தேசியக் கொடிமேல் எழுத்து எதுவும் இருக்கக்கூடாது என்று கொடி விதிகளில் தெளிவாக இருக்கிறது, செய்தால் அவமதிப்பு. கொடியைக் காட்டத்தான் வேண்டுமென்றால் வீரர் கொடியைக் கையில் பிடித்து நிற்கும் படம் நல்லதாக ஒன்று தேடுங்கள். சக்கரத்தில் 24 ஆரங்கள், கருநீலம். இணையத்தில் இறக்கிய சில கொடிப் படங்களில் சக்கரத்தின் ஆரங்களை எண்ணினால் தலை சுற்றும். பேனர் இறக்கியபின் அது எங்கே போகும் என்பதையும் யோசித்துக்கொள்ளுங்கள். ஃபிளக்ஸ் சாகாது. மாட்டுக்கொட்டகைக் கூரை, புளி காயவைக்கும் விரிப்பு, ஆட்டோவின் பக்கத் திரை என்று பல வருஷம் வாழும். தங்கப் பதக்கம் வாங்கியவர் முகத்தில் மிளகாய் காய்வதை நானே பார்த்திருக்கிறேன்.

அனுமதி வாங்காமல் சாலையில் கட்டாதீர்கள். 2019 செப்டம்பரில் சென்னை பள்ளிக்கரணையில் பேனர் விழுந்து, வண்டியில் போன இளம்பெண் லாரியில் அடிபட்டு இறந்தபிறகு கெடுபிடி அதிகம். அனுமதி எண்ணும் அச்சிட்டவர் பெயரும் பேனரின் அடியில் இருக்கவேண்டும். எனக்கு வியாபாரம் குறைந்ததுதான், ஆனால் அதைப் பற்றிப் புலம்ப மனசு வரவில்லை.

வரவேற்பு நாள் விஷயமும் சொல்லவேண்டும். பளு தூக்குபவர்கள் போட்டிக்கு முன் எடையைச் சரிக்கட்டச் சோற்றையும் தண்ணீரையும் குறைத்திருப்பார்கள். போட்டி முடிந்து பயணம் வேறு. தோள், முட்டி, இடுப்பு எல்லாம் வலிக்கும் நேரத்தில் நாம் திறந்த ஜீப்பில் ஏற்றி, கழுத்தில் ஆளுயர மாலை போட்டு, கையைத் தூக்கிக்காட்டு என்கிறோம். ஒருமுறை வெளிமாநிலத்தில் மெடல் வாங்கிவந்த பெண்ணைக் காட்பாடி ஸ்டேஷன் வாசலில் வெயிலில் நிறுத்திவைத்திருந்தார்கள். சிறப்பு விருந்தினர் வரவேண்டுமாம். பேனர் கட்டப் போயிருந்த எங்கள் பையன் கொண்டுபோன தண்ணீர் பாட்டிலை அந்தப் பெண்ணிடம் கொடுத்துவிட்டு வந்தான். அவள் அம்மா பீடி சுற்றுகிறவர். ஒருநாள் கூலியை விட்டுவிட்டு மகளை அழைத்துப்போக வந்திருந்தார். விருந்தினர் வந்தாரா என்று கேட்டேன். போட்டோ எடுக்கிறவரை இருந்தார் என்றான்.

என் யோசனை இதுதான். முதலில் வீட்டில் கேளுங்கள், எந்த நாள் வசதி என்று. வந்த அன்று வேண்டாம், தூங்கட்டும். ஒரு வாரம் கழித்து மாலையில் வையுங்கள். சால்வை போடாதீர்கள், யார் வீட்டு பீரோவிலும் இடமில்லை. நல்ல தேங்காய்ப்பூ துண்டு கொடுத்தால் பயிற்சியில் வியர்வையாவது துடைப்பார்கள். பேசுகிறவர்கள் இரண்டு பேர் போதும், அதில் ஒருவர் பயிற்சியாளராக இருக்கட்டும். பயிற்சியாளரை மேடைக்குக் கூப்பிட மறந்துபோன விழாக்களுக்கு எல்லாம் நான்தான் பேக்டிராப் அடித்தேன், அதில் அவர் பெயரும் இருக்காது.

காசுக் கணக்கும் பார்த்துவிடலாம். பத்துக்கு எட்டு என்றால் 80 சதுர அடி. மரச்சட்டம், கட்டுக்கூலி, வண்டி வாடகை சேர்த்தால் ஆயிரத்தைந்நூறுக்குக் குறையாமல் வரும். அந்தப் பணத்தில் இருநூறு முட்டை வாங்கலாம். ஒரு தெருவில் பத்துப் பேனர் நிற்கிறது என்றால் பயிற்சிக் கூடத்துப் பிள்ளைகளுக்கு இரண்டாயிரம் முட்டை வெயிலில் தொங்குகிறது என்று அர்த்தம். இப்படிக் கடையில் உட்கார்ந்து கணக்குச் சொன்னால் என் மனைவி முறைப்பாள். சொந்தப் பிழைப்பில் மண் போட்டுக்கொள்வது என்று இதைத்தான் சொல்வார்கள். ஆனாலும் இரண்டொரு குழுவினர் கேட்டார்கள். பத்துக்குப் பதில் ஒரு பேனர் அடித்து, மிச்சத்தில் கூடத்துக்குப் பளு தூக்கும் ஷூ வாங்கிக் கொடுத்தார்கள். குதிகால் பக்கம் உயர்ந்து கெட்டியாக இருக்கும் ஷூ அது. சாதாரண ஓட்டப்பயிற்சி ஷூவோடு உட்கார்ந்து எழுந்தால் பாதம் அமுங்கி ஆட்டம் காணும் என்று பயிற்சியாளர் சொன்னபிறகுதான் எங்களுக்கே தெரியும்.

மெடலுக்கு அப்புறம் அரசாங்கம் கொடுக்கிறது, இல்லையென்று சொல்லமுடியாது. சதீஷுக்குத் தமிழக அரசு இரண்டு தங்கத்துக்கும் தலா 50 லட்சம் ரூபாய் அறிவித்தது. மாநில அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. ரயில்வே, ராணுவம், போலீஸ் என்று வழிகள் உண்டு. குழி இருப்பது மெடலுக்கு முந்தின பத்து வருஷத்தில். அந்தக் காலத்தில் பேருந்துக் காசுக்கும் பாலுக்கும் திண்டாடுகிற பிள்ளை யார் என்று தெருக்காரர்களுக்கு மட்டும்தான் தெரியும், சென்னைக் கோட்டையில் ஆட்சியில் இருப்பவர்களுக்குத் தெரியாது. மாவட்டப் போட்டி நடக்கும்போது போய் உட்காருங்கள். டிக்கெட் கிடையாது, கூட்டமும் இருக்காது, பிள்ளைகளுக்குக் கைதட்ட ஆள் வேண்டும்.

கடைசியாக எனக்கு வந்ததிலேயே விசித்திரமான ஆர்டர். 2024 ஆகஸ்ட் 7 இரவு பாரிஸ் ஒலிம்பிக்கில் மீராபாய் சானு 49 கிலோ பிரிவில் மொத்தம் 199 கிலோ தூக்கி நான்காவது வந்தார். வெண்கலம் வாங்கிய தாய்லாந்துப் பெண் 200. ஒரு கிலோ! மறுநாள் கடைப்பக்கம் யாரும் எட்டிப் பார்க்கவில்லை, அது எதிர்பார்த்ததுதான். சில நாள் கழித்து ஒரு அரசுப் பள்ளி பி.டி. சார் வந்தார். மூன்றுக்கு இரண்டு அடி, ஒரே ஒரு ஃபிளக்ஸ், பள்ளியில் பயிற்சி அறைச் சுவரில் ஒட்ட. முகம் வேண்டாம், கொடி வேண்டாம், எண் மட்டும் போதும் என்று சீட்டை நீட்டினார். ஆறு எண்கள்: 85, 88, 88, 111, 111, 114. முதல் 85க்குப் பக்கத்தில் டிக். அடுத்த 88க்குப் பெருக்கல் குறி, அதற்கடுத்த 88க்கு டிக். அதே மாதிரி முதல் 111க்குப் பெருக்கல், அடுத்ததற்கு டிக். கடைசி 114க்குப் பெருக்கல்.

எங்கள் டிசைனர் பையன், “தப்புனதையும் போடறதா சார்?” என்று கேட்டான்.

“அதுக்குத்தான் தம்பி இந்த போர்டே. 88 போச்சு, அடுத்த தடவ அதே 88ஐ எடுத்தாங்க. 111 போச்சு, திரும்ப அதே 111ஐ எடுத்தாங்க. எங்க பொண்ணுங்க ஒரு தடவ தப்புனா பார விட்டுட்டு மூலைல போய் உக்காந்துடுதுங்க. அதுங்க பாக்கணும்” என்றார். 114ஐயும் எடுத்திருந்தால் மொத்தம் 202, வெண்கலம் என்பதையும் அவரே சொன்னார். அதற்காக அவர் வருத்தப்பட்ட மாதிரி தெரியவில்லை.

அந்த ஃபைலை அழிக்காமல் வைத்திருக்கிறேன். மெடல் ஆர்டர் கொண்டுவருகிற எல்லோரிடமும் மானிட்டரில் திறந்து காட்டி, இந்த மாதிரி ஆறு முயற்சியும் போட்டு ஒன்று அடிக்கலாமே என்று சொல்லிப்பார்க்கிறேன். ஒன்றிரண்டு பேர் ஒத்துக்கொண்டார்கள். போன முறை வந்தவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நன்றாகப் பார்த்துவிட்டு, “நல்லாத்தான் கீது. இதுல நம்ம தலைவர் படத்த எங்க வைக்கறது?” என்று கேட்டார்.